எறும்பே இல்லை, ஆனால் ஊர்கிறது

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 49. மாதவிடாய் முன்னே பின்னே வர ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கடைசியாக வந்து ஐந்து மாதம். இந்த எட்டு மாதமாக உடம்பில் என்னென்னவோ நடக்கிறது. ராத்திரி படுத்தால் முன்கையிலும் கெண்டைக்காலிலும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் தலைக்குள் சுளீரென்று கரன்ட் அடிக்கிறது. விடியற்காலையில் வலது கை விரல்கள் மரத்துப்போய் விழிப்பு வந்துவிடுகிறது. சாயங்காலமானால் நாக்கு நுனி சுட்டுக்கொண்டதுபோல் எரிகிறது. ஒரு மருத்துவரிடம் காட்டினேன். ‘எல்லாம் மனசுதான், கவலையைக் குறையுங்கள்’ என்றார். இன்னொருவர், ‘இது மெனோபாஸ், போகப் போகச் சரியாகிவிடும்’ என்று அனுப்பிவிட்டார். பக்கவாதம் வருமோ, மூளையில் கட்டி ஏதாவது இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் சொல்லவும் கூச்சம். எனக்கு என்னதான் ஆகிறது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொன்றும் நிஜமாகவே உங்கள் உடம்பில் நடக்கிறது. கற்பனை இல்லை, மனப்பிரமை இல்லை. பூச்சி இல்லை என்பது உண்மை. ஊர்வது போன்ற உணர்வு இருக்கிறது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

சில வருஷங்களுக்கு முன் என்னிடம் ஒரு பெண்மணி வந்தார். உங்கள் வயதுதான் இருக்கும். கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் செலோடேப் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ராத்திரி கையில் எதுவோ ஊரும்போதெல்லாம் டேப்பை அழுத்தி எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மணியைக் குறித்திருந்தார். இருவருமாகச் சேர்ந்து அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். இரண்டு முடி, கொஞ்சம் பஞ்சு, வேறொன்றும் இல்லை. “அப்போ எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சா டாக்டர்?” என்று கேட்டார். மணி குறித்து, தேதி போட்டு, ஆதாரம் தேடி எடுத்து வந்த மனுஷிக்கு எங்கே பைத்தியம்? அவர் செய்ததைப் போன்ற தெளிவான வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவருக்கு அன்று நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இந்த எறும்பு ஊரும் உணர்வுக்கு மருத்துவத்தில் ஃபார்மிகேஷன் என்று பெயர். லத்தீனில் எறும்புக்கு உள்ள சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1953-இல் ஹெர்பர்ட் குப்பர்மன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் மாதவிடாய் நிற்கும் காலத்தின் தொந்தரவுகளை அளக்க ஓர் அட்டவணை போட்டார்கள். மொத்தம் 11 அறிகுறிகள். குப்பென்று சூடேறுவது, தூக்கமின்மை, மூட்டுவலி இவற்றோடு கைகால் மதமதப்பு ஒரு வரி, எறும்பு ஊர்தல் இன்னொரு வரி. எழுபது வருஷத்துக்கு மேலாகப் புத்தகத்தில் இருக்கும் ஒன்றைத்தான் உங்களிடம் ‘மனசுதான்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம்.

சரி, இது ஏன் வருகிறது?

ஈஸ்ட்ரோஜன் என்றால் கருப்பை சம்பந்தப்பட்டது என்று மட்டும் நினைக்கிறோம். மூளையில், தண்டுவடத்தில், தண்டுவடத்தை ஒட்டி உணர்வு நரம்புகள் திரளும் முடிச்சுகளில், தோலில், இங்கெல்லாம் அந்த ஹார்மோனை ஏற்கும் இடங்கள் இருக்கின்றன. தொடுதல், சூடு, வலி என்று வரும் செய்திகளில் எதை மேலே அனுப்புவது, எதை அமுக்கிவிடுவது என்பதில் அதற்கும் பங்கு உண்டு. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருஷங்களில் ஈஸ்ட்ரோஜன் படிப்படியாக இறங்குவதில்லை. ஒரு வாரம் உச்சத்துக்குப் போகும், அடுத்த வாரம் தடாலென்று விழும், மறுபடி ஏறும். குறைவு ஒரு பக்கம் இருக்க, இந்த ஏற்ற இறக்கம்தான் நரம்புகளை அதிகம் படுத்துகிறது. சாதாரணமாக மூளை பொருட்படுத்தாமல் விட்டுவிடும் சின்னச் சின்னச் சமிக்ஞைகள்கூட அப்போது உரக்கக் கேட்கின்றன.

இதோடு தோலும் மாறுகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருஷத்தில், தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. தோல் மெலிந்து காய்கிறது. காய்ந்த தோலில் நரம்பு முனைகள் எளிதில் சீண்டப்படும். போர்வை உரசினாலும் ஊறும். தலைக்குள் அடிக்கும் கரன்டைப் பற்றி என்னிடம் வரும் பெண்கள் பலரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: தோலுக்கடியில் ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்டதுபோல் ஒரு சுளீர், ஒரு நொடி, அவ்வளவுதான். சிலருக்கு அது வந்த கையோடு உடம்பு குப்பென்று சூடாகி வேர்த்துவிடும். உங்களுக்கும் அப்படி ஆகிறதா என்று கவனியுங்கள். ஆகிறது என்றால் இரண்டும் ஒரே கதையின் பாகம். தூக்கத்தில் விழும் நேரத்தில் உடம்பு தூக்கிப்போடுவதும், தலைக்குள் பளீரென்று ஏதோ அடித்ததுபோல் இருப்பதும் எந்த வயதிலும் யாருக்கும் வரலாம். தூக்கம் கெட்ட நாட்களில் கூடுதலாக வரும். அது மட்டும் வந்தால் ஆபத்தில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்த இரண்டாவது மருத்துவரிடமும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. அவர் சொன்ன பெயர் சரியாகவே இருக்கலாம். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் சொல்லியிருக்கிறார். நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்துக்குள் ஒரு பெண்ணுக்கு எது வந்தாலும் ‘மெனோபாஸ்’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடும் பழக்கம் இருக்கிறது. சர்க்கரை, தைராய்டு, பி12 குறைவு, மணிக்கட்டு நரம்பு நெருக்கம் எல்லாம் தலைகாட்டுவதும் இதே வயதில்தான். மெனோபாஸ் என்பது இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகு கடைசியில் சொல்ல வேண்டிய பதில்.

ஆகவே உங்கள் கடிதத்தில் உள்ள நாலு தொந்தரவுகளையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

விரல் மரத்துப்போவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு அதிகச் சந்தேகம் அங்கேதான். வலது கை மட்டும், விடியற்காலையில், விழிப்பு வரும் அளவுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த விரல் என்று எழுதவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலில் நடுவிரல் பக்கத்துப் பாதி, இவை மட்டும் மரத்துப்போய்ச் சுண்டுவிரல் நன்றாக இருந்தால், மணிக்கட்டில் ஒரு நரம்பு நெருக்கப்படுகிறது என்று அர்த்தம். கார்பல் டனல் என்பார்கள். பெண்களுக்கு இந்த வயதில் மிகவும் சாதாரணம். தூங்கும்போது கையை மடக்கி வைத்துக்கொள்வதால் நெருக்கம் கூடி, விடியற்காலையில் எழுப்பிவிடுகிறது. எழுந்ததும் கையை உதறுகிறீர்களா, உதறினால் சரியாகிறதா? அப்படியென்றால் சந்தேகம் இன்னும் பலப்படும். இதற்கு வழி எளிது. மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் ஸ்ப்ளின்ட் ஒன்றை இரவில் மட்டும் கட்டிக்கொண்டு நாலு முதல் ஆறு வாரம் பார்க்க வேண்டும். கட்டைவிரலின் அடிச்சதை மெலிவதோ, பொத்தான் போட முடியாமல் விரல் தடுமாறுவதோ இருந்தால் காத்திருக்கக் கூடாது, உடனே காட்ட வேண்டும். சுண்டுவிரலும் சேர்ந்து மரத்துப்போகிறது என்றால் முழங்கையையோ கழுத்தையோ பார்க்க வேண்டியிருக்கும்.

நாக்கு எரிச்சல் அடுத்தது. காலையில் ஒன்றுமில்லாமல், பொழுது ஏற ஏறக் கூடி, சாயங்காலம் உச்சத்துக்குப் போவது ‘பர்னிங் மவுத்’ எனப்படும் எரிவாய்த் தொந்தரவின் வழக்கமான போக்கு. இது அதிகம் வருவதும் மாதவிடாய் நிற்கும் வயதிலும் அதற்குப் பிறகும் உள்ள பெண்களுக்குத்தான். நாக்கைப் பார்த்தால் சிவப்பு, புண் எதுவும் இருக்காது. ஆனால் இரும்புச்சத்துக் குறைவிலும் பி12 குறைவிலும் வாய்க்குள் வரும் பூஞ்சையிலும் இதே எரிச்சல் வரும். அதனால் பல் மருத்துவரிடம் ஒருமுறை வாயைத் திறந்து காட்டிவிடுங்கள். நுரை அதிகம் வரும் பற்பசையிலுள்ள ஒரு சேர்மானம் சிலருடைய வாய்க்கு ஒத்துக்கொள்ளாது. நுரைக்காத பற்பசைக்கு மாறி இரண்டு வாரம் பாருங்கள். ஐஸ் துண்டை வாயில் வைத்துக் கரையவிட்டால் அந்த நேரத்துக்கு அடங்கும்.

கால்களைப் பற்றி ஒரு கேள்வி. கெண்டைக்காலில் ஊர்வது மட்டும்தானா, இல்லை காலை அசைத்தே ஆக வேண்டும் போலிருக்கிறதா? எழுந்து நாலு அடி நடந்தால் உடனே அடங்கி, படுத்ததும் மறுபடி ஆரம்பிக்கிறதா? அப்படியானால் அது ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்’ ஆக இருக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும் தொந்தரவு. இதில் உடம்பின் இரும்பு இருப்பு முக்கியம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இருப்பு குறைந்திருக்கலாம். அதைக் காட்டும் பரிசோதனை ஃபெரிட்டின். சாதாரணமாக யாரும் கவலைப்படாத அளவுகூட இதற்குப் போதாது. 75-க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுப்பதை யோசிப்பார்கள். மாதவிடாய் முன்னே பின்னே வந்த காலத்தில் உங்களுக்குப் போக்கு அதிகமாக இருந்திருந்தால் இந்தச் சந்தேகம் கூடும். இன்னொன்று, அரிப்பு என்று நினைத்து ராத்திரியில் தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரை போட்டுக்கொள்பவர்கள் உண்டு. அந்த வகைப் பழைய அலர்ஜி மாத்திரைகள் கால் தொந்தரவைக் கூட்டிவிடும். நீங்கள் அப்படி எதையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனையாக நான் கேட்பது இவ்வளவுதான்: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான ஹெச்பிஏ1சி, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகச் செயல்பாடு. சர்க்கரைச் சராசரி 5.7-இலிருந்து 6.4 வரை இருந்தால் எல்லைக்கோடு, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். எல்லைக்கோட்டில் இருக்கும்போதே பாதங்களில் எரிச்சல் ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். பி12 விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: ரத்தசோகை இல்லாமலேயே அதன் குறைவு நரம்பைக் கெடுக்கும். 200-க்குக் கீழே என்றால் குறைவு. 200-க்கும் 300-க்கும் நடுவில் இருந்து தொந்தரவும் இருந்தால் ‘நார்மல்’ என்று விட்டுவிடாமல் மீத்தைல்மலோனிக் ஆசிட் என்ற இன்னொரு பரிசோதனை செய்யலாம். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சாப்பிடாதவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், வருஷக்கணக்காக அசிடிட்டி மாத்திரை போடுபவர்கள் ஆகியோருக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். ரொம்ப நாள் குறைவாகவே விட்டால் நரம்புக்கு ஏற்படும் சேதம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள். எல்லா அட்டைகளையும் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குறிப்பாக ‘நரம்புக்கு நல்லது’ என்று நாமாக வாங்கிச் சாப்பிடும் சத்து மாத்திரைகள். அவற்றில் பி6, அதாவது பைரிடாக்ஸின், எத்தனை மில்லிகிராம் என்று பின்பக்கச் சின்ன எழுத்தில் பாருங்கள். பி6 அளவுக்கு மீறி மாதக்கணக்கில் போனால் அதுவே கைகால்களை மரத்துப்போகச் செய்யும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் நாளொன்றுக்கு 12 மில்லிகிராம்தான் பெரியவர்களுக்கு மேல் எல்லை என்று வைத்தது. சில மாத்திரைகளில் 100 இருக்கிறது. மதமதப்புக்காகச் சாப்பிட ஆரம்பித்த மாத்திரையே மதமதப்பை வளர்த்துக்கொண்டிருந்ததை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். இன்னொரு கேள்வியும் உண்டு: மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை எடுத்து, சமீபத்தில் திடீரென்று நிறுத்தினீர்களா? அந்த வகை மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினாலும் நடுவில் வேளை தவறவிட்டாலும் தலைக்குள் கரன்ட் அடிப்பதுபோல் வரும். அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லி அளவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கரன்ட் பற்றி இன்னொன்று. தாடையை மார்பில் படும்படி தலையைக் குனியும்போது சுளீரென்று முதுகுவழியாக இறங்குகிறது என்றால், அது வேறு. கழுத்துப் பகுதித் தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும். நரம்பியல் மருத்துவரிடம் நாள் கடத்தாமல் போய்விடுங்கள்.

இப்போது ராத்திரிக்கு வருகிறேன். பரிசோதனை முடிவுகள் வரும்வரை நீங்கள் படுத்தாக வேண்டுமே.

முதலில் தோல். கொதிக்கக் கொதிக்கக் குளிக்காதீர்கள். வெதுவெதுப்பு போதும், பத்து நிமிஷம் போதும். துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். ஈரம் முழுதும் காய்வதற்குள், மூன்று நிமிஷத்துக்குள், வாசனை சேர்க்காத கெட்டியான மாய்ஸ்சரைசரை முன்கையிலும் காலிலும் தடவுங்கள். படுக்கும் முன் இன்னொரு முறை. மெல்லிய பருத்தி உடை, மெல்லிய பருத்திப் போர்வை, காற்றோட்டமான அறை. ஊறல் ஆரம்பித்ததும் சொறியாதீர்கள். சொறிந்தால் நரம்பு இன்னும் சீண்டப்படும். ஈரத்துணியை அந்த இடத்தில் பரப்பி, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடியுங்கள். அழுத்தமும் குளிர்ச்சியும் வேறு வகை நரம்பிழைகள் வழியாகப் போவதால் ஊறல் செய்தியை அமுக்கிவிடும். என் நோயாளிகளுக்கு இதைக் கையைப் பிடித்துச் செய்தே காட்டுவேன். இரண்டு நிமிஷம் பொறுத்தால் வித்தியாசம் தெரியும்.

விளக்கைப் போட்டுத் தேடுவதை ஒருமுறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதை மென்மையாகத்தான் சொல்கிறேன், ஏனென்றால் தேடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனால் மூன்றாவது முறை போர்வையை உதறும்போது மூளை முழு விழிப்புக்கு வந்துவிடுகிறது. அப்புறம் தோலின் ஒவ்வோர் அசைவையும் அது காவல் காக்க ஆரம்பித்துவிடும்.

அடுத்தது மூச்சு. பயம் வரும்போது நமக்குத் தெரியாமலேயே வேகமாக, மேலோட்டமாக மூச்சு விடுகிறோம். ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் ரத்தத்தின் அமிலத்தன்மை மாறி, நரம்புகளுக்குக் கிடைக்கும் கால்சியம் சற்றுக் குறைந்து, உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் புதிதாக ஒரு மதமதப்பு வந்துவிடும். அதைக் கண்டு இன்னும் பயம், இன்னும் வேகமான மூச்சு. ‘மனசுதான்’ என்று சொன்னவர் இதைத்தான் அரைகுறையாகக் கண்டாரோ என்னவோ. பயம் ஒரு பங்கு சேர்க்கும் என்பது உண்மை. ஆனால் தொடங்கிவைத்தது பயம் இல்லை. மூக்கு வழியாக நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து நிமிஷம். உதட்டு மதமதப்பு இதில் கரைந்துபோனால் அது மூச்சின் வேலை என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

பகலில் நடை. வேகமாக, அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். தூக்கத்துக்கும் சர்க்கரைக்கும் கால்களுக்கும் ஒரே மருந்து. காபி, டீ குடிப்பவரானால் மதியத்தோடு நிறுத்திவிடுங்கள்.

மருந்து வேண்டுமா என்றால், நாலு தொந்தரவும் தூக்கத்தைக் கெடுத்து, அதோடு உடம்பு குப்பென்று சூடாவதும் வேர்ப்பதும் இருந்தால் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றி உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். வெறும் மதமதப்புக்காக மட்டும் யாரும் ஹார்மோன் எழுதுவதில்லை. ஆனால் சூடும் தூக்கமும் சரியாகும்போது இந்த ஊறலும் கரன்டும் கூடவே அடங்குவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். ஹார்மோன் என்றாலே புற்றுநோய் என்ற பயம் 2002-இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு பரவியது. அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள் ஆரம்பிப்பவர்களுக்கும், தொந்தரவு அதிகமாக இருந்தால் பெரும்பாலும் நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவச் சங்கங்களின் நிலை. கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் சேர்த்தே தர வேண்டும். தோலில் ஒட்டும் பேட்ச்சிலும் தடவும் ஜெல்லிலும் ரத்தம் உறையும் அபாயம் மாத்திரையைவிடக் குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டி, மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. இரவில் எடுக்கும் கபாபென்டின் என்ற மருந்து சூட்டையும் நரம்பு எரிச்சலையும் கால் தொந்தரவையும் ஒருசேரக் குறைக்கும். காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கலாம், திடீரென்று நிறுத்தக் கூடாது. இவை எதையும் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

பக்கவாதம் பற்றிக் கேட்டீர்கள். மாறி மாறி, இரு பக்கமும், ராத்திரியில் வந்து போகும் ஊறல் பக்கவாதத்தின் முகம் இல்லை. பக்கவாதம் திடீரென்று வரும்: முகத்தில் ஒரு பக்கம் கோணும், ஒரு கையோ காலோ தூக்க வராது, பேச்சு குழறும், பார்வை மங்கும். அப்போது ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத் திணறலோ சேர்ந்து இடது கை, தாடை, முதுகில் வலியோ மதமதப்போ வந்தாலும் அப்படியே. தொடைகளுக்கு நடுவே, உட்காரும் இடத்தில் உணர்வு போய், சிறுநீர் கழிக்க முடியாமல் ஆனாலும் அப்படியே. பாதத்தில் தொடங்கிய மரமரப்பு சில நாட்களில் மேலே ஏறிக் கால்கள் துவள்வதும் அவசரம்தான். உடம்பின் ஒரே பக்கத்தில், பட்டைபோல் ஓரிடத்தில் எரிந்து இரண்டு மூன்று நாளில் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. முதல் மூன்று நாளுக்குள் மருந்து ஆரம்பித்தால் நல்லது. இவற்றில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. மூளைக் கட்டி பற்றிய பயத்துக்கும் நீங்கள் எழுதியவற்றில் இடமில்லை. விடாத தலைவலி, காலையில் வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம் என்று எதையும் நீங்கள் சொல்லவில்லை.

வீட்டில் சொல்லக் கூச்சம் என்கிறீர்கள். செலோடேப் கொண்டுவந்த அந்தப் பெண்மணி அடுத்த முறை கணவரோடு வந்தார். வெளியே உட்காரச் சொல்லியிருந்தவரை நான்தான் உள்ளே கூப்பிட்டேன். பத்து நிமிஷம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது, “ராத்திரி நான் என்ன செய்யணும் டாக்டர்?” என்றுதான். அதற்குப் பிறகு ஈரத்துணி நனைத்துத் தருவது அவர் வேலையாகிவிட்டது. எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் ‘எனக்கு ஹார்மோன் மாறுகிறது, அதனால் நரம்பு இப்படிச் செய்கிறது, பயப்பட வேண்டியதில்லை, ஆனால் தூக்கம் போகிறது’ என்று நாலு வாக்கியத்தில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். கணவரிடம் முடியாவிட்டால் அக்காவிடம், தோழியிடம். அவர்களில் யாராவது ஒருத்தி, ‘எனக்கும் அப்படித்தான் இருந்தது’ என்று சொல்லக்கூடும்.

பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. உங்களுக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது, ஏற்ற இறக்கத்தின் நடுவில் இருக்கிறீர்கள். ஹார்மோன் ஒரு நிலைக்கு வந்த பிறகு பெரும்பாலானவர்களுக்கு இந்த உணர்வுகள் தேய்ந்து மறைகின்றன. ஆனால் அதுவரை பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று இல்லை.

மூன்று வாரம் ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், எந்த இடம், எவ்வளவு நேரம், அதற்கு முன் அல்லது பின் சூடேறியதா, அன்று தூக்கம் எப்படி, மாதவிடாய் எட்டிப் பார்த்ததா, இவ்வளவு போதும். அந்த நோட்டு, ரத்தப் பரிசோதனை முடிவுகள், மாத்திரைப் பை மூன்றையும் எடுத்துக்கொண்டு பொது மருத்துவரிடம் போங்கள். ‘மனசுதான்’ என்று மறுபடி யாராவது ஆரம்பித்தால் நோட்டைத் திறந்து மேஜைமேல் வையுங்கள். முடிவுகள் வந்ததும் எனக்கும் எழுதுங்கள். நாளைக் காலை கை மரத்துப்போய் விழிக்கும்போது, உதறுவதற்கு முன் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பாருங்கள். சுண்டுவிரலுக்கு உணர்வு இருக்கிறதா இல்லையா என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.